சகலையின் பெட்டி

சின்ன மாப்பிள்ளை அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கையில் ஸ்குரு டிரைவர் பை. முகத்தில் துக்க வீட்டுக்குத் தேவையான அளவு துக்கம். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் லிஃப்ட் கண்ணாடியில் பார்த்து அதைச் சரி செய்துகொண்டிருந்தான்.

“வாங்க தம்பி,” என்று கதவைத் திறந்தாள் அண்ணி. அவன் மனைவியின் கூடப் பிறந்த அக்கா. அவள் கணவர் காலமாகி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. “அந்த ரூமைத் திறக்கவே எனக்கு மனசு வரல. நீங்களே பாருங்க.”

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில்தான் சகலை, குடும்பத்துப் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து வைக்கும் தன் சர்வர் கம்ப்யூட்டரை வைத்திருந்தார். கதவைத் தள்ளியதும் நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் கருகிய வயர் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. கிரீஸ்.

லிஃப்ட் கிரீஸ். சகலை லிஃப்ட் மெக்கானிக். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவர் கையை விட்டு அது போனதில்லை. எங்காவது பழைய சட்டை தொங்கும் என்று சின்ன மாப்பிள்ளை சுற்றிப் பார்த்தான்.

சட்டை எதுவும் இல்லை.

போன வாரம் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமனார் வீட்டில் இருந்தபோது, மேல் வீட்டில் குழாய் வெடித்து இரண்டு நாள் தண்ணீர் இறங்கியிருந்தது. நேராக இந்த அலமாரி மேல். மேல்தட்டில் சர்வர், கீழ்த்தட்டில் அதன் நகலை வைக்கும் பேக்கப் டிஸ்க். அவன் சர்வரின் மூடியைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பேக்கப் டிஸ்க்கை ஆட்டிப் பார்த்தான். அதற்குள்ளும் தண்ணீர்.

“தேறாது அண்ணி. ரெண்டும் போச்சு.”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பெண் நகத்தைக் கடித்தாள். சகலையின் மகள். வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மூன்று வாரமாக வால்தனம் எதுவும் இல்லை.

“அப்பாவோட வீடியோ எல்லாம் போச்சா சித்தப்பா?”

படுக்கையில் விழுந்த பிறகு சகலை மகளுக்காக எடுத்து வைத்த வீடியோக்கள் அவை. மொத்தம் முப்பத்தாறு. ஃப்யூஸ் போடுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சைக்கிள் செயின் மாட்டுவது, கதவுத் தாழ்ப்பாள் சரி செய்வது. ‘எது ரிப்பேரானாலும் என் பொண்ணு எவன்கிட்டயும் போய் நிக்கக் கூடாது’ என்று சொல்லி, மூச்சு வாங்க வாங்க எடுத்தார். தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், அவள் இன்னும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

“எதுக்குடி மூஞ்சியைத் தொங்கப் போடற?” என்றாள் அண்ணி. “சித்தப்பா வீட்டுல ஒரு பெட்டி இருக்கே! மூணு காப்பி இருக்கணும், அதுல ஒண்ணு வீட்டை விட்டு வெளிய இருக்கணும்னு உங்கப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரு. இருக்குல்ல தம்பி?”

“இருக்கு அண்ணி,” என்றான் சின்ன மாப்பிள்ளை. “பத்திரமா இருக்கு.”

வாய் கூசாமல் சொன்னான். நாக்கு குழறாமல் சொன்னான். அந்தப் பெட்டியில் சகலையின் பொருள் ஒன்றுகூட இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அழித்ததே அவன்தான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணி நாலு பத்து.

‘இன்று வந்தது: 1. மீதி: 35. எல்லாம் பத்திரம்.’

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் செய்தியை அனுப்பும் பெட்டியை அவன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மாமனார் வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை. இருவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்ததே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. சின்னவன் கம்ப்யூட்டர் படித்தவன், ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கே பொறுப்பாளன். பெரியவர் பத்தாவது. லிஃப்ட் ரிப்பேர். ஆனால் வீட்டில் சர்வர் வைத்து, குடும்பத்துப் போட்டோ, பத்திரம், சான்றிதழ், பாட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகப் பாதுகாத்தது யார் என்றால் பெரியவர்தான். சின்னவனும் வைத்தான். சகலை வைத்திருக்கிறாரே, விட முடியுமா?

இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அவருடைய பேக்கப் பெட்டி ஒன்று இவன் வீட்டில், இவனுடைய பெட்டி ஒன்று அவர் வீட்டில். ஒரு வீட்டுக்கு ஏதாவது ஆனால் இன்னொரு வீடு காப்பாற்றும். தினமும் நாலு பத்துக்கு நகல் போகும். போனதும் இருவர் போனுக்கும் ‘எல்லாம் பத்திரம்’ என்று செய்தி வரும். அந்த வாசகம் பெரியவர் வைத்தது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. மாதத்தில் முதல் ஞாயிறு ஏதாவது ஒரு பைலைத் திரும்ப எடுத்துச் சோதிப்பார். “பிரேக் இருக்குன்னு நம்பக் கூடாது தம்பி. பிடிக்குதான்னு பாக்கணும்,” என்பார். லிஃப்ட்காரர் புத்தி.

போன வருஷம் மாமனாரின் எழுபதாவது பிறந்தநாள். அன்று பார்த்துச் சின்னவனின் டிஸ்க் செத்துப்போனது. அவனுடைய சொந்தக் கல்யாண வீடியோ அதோடு போனது. மாமனார் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பெரியவர் எழுந்து போய், தன் வீட்டில் இருந்த அவனுடைய பெட்டியிலிருந்து அந்த வீடியோவைத் திரும்ப எடுத்து வந்து போட்டார். வீடே கைதட்டியது. “கம்ப்யூட்டர் மாப்பிள்ளைன்னா அது பெரிய மாப்பிள்ளைதான்!” என்றார் மாமனார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “நல்லவேளை, மாமா இருந்தாரு.”

வயிறு எரிந்தது. உண்மையிலேயே எரிந்தது. அன்று போட்ட விருந்தில் ஒரு வாய் அவனால் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாளில் பெரியவர் படுக்கையில் விழுந்தார். “மாசச் சோதனையை இனிமே நீங்களே பண்ணிடுங்க தம்பி. என்னால உக்கார முடியல,” என்றார். அடுத்த வாரமே சின்னவன் தன் வீட்டில் இருந்த அவருடைய பெட்டியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதில் தன் சினிமாக்களை ஏற்றினான். பெட்டி மட்டும் தினமும் நாலு பத்துக்கு ‘எல்லாம் பத்திரம்’ என்று அனுப்புகிற மாதிரி நாலு வரி புரோகிராம் எழுதி வைத்தான். அவர் வீட்டிலேயே இரண்டு காப்பி இருக்கிறதே, என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தான். படுத்தபடியே அவர் தினமும் அந்தச் செய்தியைப் பார்த்துத் தலையாட்டுவாராம். அண்ணி சொன்னாள். பெரிய கெட்டிக்காரரை ஏமாற்றிவிட்டோம் என்று அவனுக்கு உள்ளூர இனித்தது.

அவர் போன அன்றே பிளக்கைப் பிடுங்கினான். இனி யாருக்காக நடிக்க வேண்டும்?

அண்ணி வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் அவன் விடுப்பு போட்டான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஐந்து வயது மகள் பொடிசு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்தான். பெட்டி அங்கேதான் இருந்தது. வயர் சுருட்டியபடி. பிளக்கின் மேல் தூசி.

மணி நாலு எட்டு. நாலு ஒன்பது.

பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே டிஸ்க் சுழலும் சத்தம் மெல்ல எழுந்தது. பிறகு இரண்டு தட்டு. டொக், டொக். விரல் முட்டியால் தட்டினால் கேட்குமே, அப்படி.

அவன் வயரின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். கரண்ட் எங்கிருந்து வருகிறது? பட்டப்பகல், வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அலமாரிக்குள்ளிருந்து கிரீஸ் வாடை வந்தது.

‘இன்று வந்தது: 1. மீதி: 34. எல்லாம் பத்திரம்.’

விளக்கு அணைந்ததும் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினான். அவனுடைய சினிமாக்களுக்கு நடுவே இரண்டு புதிய வீடியோக்கள். முதலாவதைத் திறந்தான்.

சகலை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போன முகம். மடியில் ஒரு ஃப்யூஸ் பெட்டி. அதை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். எந்த வேலையைத் தொடங்கினாலும் அப்படித் தட்டுவது அவர் பழக்கம்.

“இங்க பாரு தாயே. முதல்ல மெயினை அணை. அணைச்சாச்சான்னு யாரையும் கேக்காத. நீயே போய்ப் பாரு.”

சின்னவனுக்குப் பயம் போய்ச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான்! எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டதே. இன்னும் முப்பத்து நாலு நாள் பொறுத்தால் முழுசும் வந்துவிடும். அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் கைதட்டல் இந்தத் தடவை தனக்குத்தான். அந்த நினைப்பிலேயே, பொடிசு முதன்முதலில் நடந்த வீடியோவைப் பார்க்கலாம் என்று தன் சர்வரைத் திறந்தான்.

அது இல்லை.

பக்கத்தில் இன்னொரு இடமும் காலி. அவனுடைய கல்யாண வீடியோ. சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். அவன் பேக்கப் பெட்டி சகலை வீட்டில் இருந்தது. அதே அலமாரியில், அதே தண்ணீரில்.

பரவாயில்லை, கண்ணால் பார்த்ததுதானே என்று தேற்றிக்கொண்டு, மகள் நடந்த அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். எந்த அறை? என்ன சட்டை போட்டிருந்தாள்? யாரை நோக்கி நடந்தாள்?

ஒன்றும் வரவில்லை.

மனைவி வேலையிலிருந்து திரும்பியதும் பேச்சோடு பேச்சாகக் கேட்டான். “நம்ம கல்யாணத்தன்னிக்கு வெயிலா, மழையா?”

“என்னங்க, விளையாடறீங்களா? மழையில நீங்க வழுக்கி விழுந்து, வேட்டியெல்லாம் சேறாகி, ஊரே சிரிச்சுதே!”

அவனும் சிரித்தான். அவள் வேறு யாருடைய கல்யாணத்தையோ சொல்கிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை சைக்கிள் செயின் பாடம் வந்தது. அவனுடைய அம்மாவின் குரல் போனது. போனில் பதிந்து வைத்திருந்ததும் போனது, காதில் இருந்ததும் போனது. வியாழக்கிழமை தாழ்ப்பாள் பாடம் வந்தது. அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் சகலை ஸ்குருவைக் கீழே வைத்தார். கேமராவை நேராகப் பார்த்தார்.

“தம்பி.”

அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“ஞாயித்துக்கிழமை வருது தம்பி. மாசச் சோதனை. மறந்துடாதீங்க.”

பிறகு ஸ்குருவை எடுத்து மறுபடி பாடத்தைத் தொடர்ந்தார்.

அன்றே போய் அண்ணியின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை சகலை விட்டிருப்பாரோ என்னவோ. அவன் சொல்லத்தான் நினைத்தான். வெள்ளிக்கிழமை காலை போன் செய்தான். எடுத்தது வாலு.

“சித்தப்பா! கிடைச்சிடுச்சா?”

“கொஞ்சம் கொஞ்சமா... வருதும்மா.”

“அம்மா, வருதாம்!” என்று கத்தினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் உயிர். உடனே அண்ணியின் குரல். “நான்தான் சொன்னேனே தம்பி! அவரு செஞ்சா எதுவும் சோடை போகாது. செத்தும் பொண்ணுக்குத் துணையா நிக்கறாரு பாருங்க. உங்களுக்குத்தான் பாவம், அலைச்சல்.”

போனை வைத்தான். அலைச்சலாம்! நாளுக்கு ஒன்றாகத் தன் வாழ்க்கை உருவப்பட்டுக்கொண்டிருக்கிறது, பெயர் அந்த ஆளுக்கு. உயிரோடு இருந்தபோது வாங்கிய கைதட்டல் போதாதா? கட்டையில் போன பிறகும் அவர்தான் பெரிய மாப்பிள்ளையா? பயத்தைக் காட்டிலும் அந்த எரிச்சல் பெரிதாக இருந்தது. அன்று நாலு பத்துக்கு இஸ்திரிப் பெட்டிப் பாடம் வந்தது. அவனுடைய முதல் வேலையின் முதல் நாள் நினைவிலிருந்து போனது.

சனிக்கிழமை பகல், மனைவி பொடிசைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனதும், டிரில் மெஷினை எடுத்தான். அதுவும் சகலையுடையதுதான். எப்போதோ இரவல் வாங்கியது. டிஸ்க்கைத் தரையில் வைத்து, காலால் அழுத்திக்கொண்டு, நடுவில் துளை போட்டான்.

“போ. யாருக்கும் வேண்டாம். எனக்கும் வேண்டாம், உன் பொண்ணுக்கும் வேண்டாம்.”

ஐந்து பாடங்களும் அதிலேயே இருந்தன. வாலுவின் குரல் ஒரு கணம் காதில் கேட்டது. அவன் இன்னும் இரண்டு துளை போட்டான்.

துளைகளிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்தது. தொட்டுப் பார்த்தான்.

கிரீஸ்.

சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடி கழுவினான். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான். கையிலிருந்து அந்த வாடை போகவில்லை.

நாலு பத்துக்குப் போன் அதிர்ந்தது.

‘பெட்டி இல்லை. வேறு இடம் தேடப்படுகிறது.’

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். “அக்கா தனியா இருக்கா. வீடியோ வேற கொண்டு வர்றதா சொல்லியிருக்கீங்களாமே, குழந்தை காத்துக்கிட்டிருக்கு,” என்றாள். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, அதுவும் சகலை சரியாக அமைக்காததால்தான் கெட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்தான். அந்தப் பொய் அவனுக்குப் பிடித்திருந்தது. லிஃப்ட்டில் ஏறும்போது அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்தது. அண்ணி காபி போடப் போனாள். மனைவியும் பொடிசும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணி நாலு அடித்துக் கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. கூடம் இருண்டது.

“ஃப்யூஸ் போயிடுச்சு!” வாலு துள்ளி எழுந்தாள். “சித்தப்பா, முதல் பாடமே அதுதானே? போடுங்க, பாத்துப் பாத்து நானே மாட்டறேன்.” அதற்குள் ஸ்டூலை இழுத்து வந்து, மீட்டர் பெட்டிக்குக் கீழே போட்டு ஏறி நின்றுவிட்டாள்.

இப்போது சொல்ல வேண்டும். அவன் எழுந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

போன் அதிர்ந்தது.

‘இடம் கிடைத்தது.’

சொல்ல வாயைத் திறந்தான். அவன் தயார் செய்து வைத்திருந்த பொய் வரவில்லை. போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கால்கள் தாமாக மீட்டர் பெட்டிக்குப் போயின. கை உயர்ந்தது. விரல் முட்டி பெட்டியை இரண்டு முறை தட்டியது.

டொக், டொக்.

“இங்க பாரு தாயே,” என்றது அவன் வாய்.

அவன் குரல் இல்லை.

“முதல்ல மெயினை அணை. அணைச்சாச்சான்னு யாரையும் கேக்காத. நீயே போய்ப் பாரு.”

வாலு அவனையே பார்த்தாள். கண்கள் விரிந்தன. பிறகு, ஒரு வார்த்தை கேட்காமல், மெயினை அணைத்தாள். ஃப்யூஸைப் பிடுங்கினாள். அந்தக் குரல் சொல்லச் சொல்லக் கம்பியைச் சுற்றினாள். அவன் உள்ளேயிருந்து கத்தினான். நான்தான், நான் சின்னவன், இது என் வாய் என்று கத்தினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏதோ ஒன்று கழன்றுகொண்டிருந்தது. அவன் படித்த பள்ளிக்கூடம். அவன் வீட்டு வாசல். மாமனார் வீட்டில் எரிந்த அந்த வயிறு, அதுகூடப் போனது. யார்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டோம் என்று தேடினான். கிடைக்கவில்லை.

வாலு மெயினைப் போட்டாள். மின்விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது.

“பிடிக்குதான்னு பாத்தாச்சா?” என்று கேட்டது குரல். “அவ்வளவுதான் தாயே. இனிமே எவன்கிட்டயும் போய் நிக்காத.”

சமையலறை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கையில் காபித் தட்டு. டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

“ஏங்க...?” என்றாள், மூச்சுக் குரலில்.

அவன் திரும்பினான். “ம்,” என்றான். “சக்கரை கம்மியாதானே போட்டிருக்க?”

தட்டு கீழே விழுந்தது. அண்ணி அழுதாளா, சிரித்தாளா என்று சொல்ல முடியாது. அவன் மனைவி எழுந்து நின்றாள். அக்காவைப் பார்த்தாள், தன் கணவனைப் பார்த்தாள். அக்கா அவனைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு முன் அவன் முகத்தில் இருந்த அதே எரிச்சல் இப்போது அவள் முகத்தில் ஏறியது.

“என்ன கூத்து இது? கிளம்புங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த கையை உடனே விட்டுவிட்டுத் தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

பொடிசு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பா, வீட்டுக்குப் போலாம்பா.”

அவன் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தான். அன்பாகத்தான் பார்த்தான். தலையைத் தடவிக்கொடுத்தான்.

“அழாதடா கண்ணு. உங்க அப்பா இப்ப வந்துடுவாரு.”

கீழே கிடந்த போன் அதிர்ந்தது. வாலுதான் எடுத்துப் படித்தாள்.

‘மீதி: 0. எல்லாம் பத்திரம்.’